ஊர் கூடி அமைத்த வானொலி நிலையம்



இப்போது நான் பேசுவது உங்கள் செவியில் விழுகிறது. நீங்கள் மறுமொழி சொன்னால் அஃது என் செவியில் விழாது. ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. ஆனால் இதே வான்வெளியில் இருவழிப் பாதையும் உண்டு. அரசினர் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, ஊதியமோ வாணிபமோ கருதாமல், தாம் அமைத்த சிறு நிலையத்திலிருந்தே வெளியூராரோடும் வெளிநாட்டாரோடும் உரையாடுகின்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை அமெச்சூர் வானொலியார் என்பர்; 'ஹாம்' என்ற குறும்பெயரும் உண்டு. இத்தகைய நிலையம் ஒன்றைப் பலர் கூடிப் பொதுவில் அமைத்து நடத்துவதைப் பற்றியே இன்று பேச வந்தேன். அதை நன்கு நடத்தியவன் என்ற உரிமையால் அன்று. ஒரு முறை அதைக் கெடுத்தவன் என்ற உரிமையால் பேசுகிறேன்.

கைபேசி கையிலிருக்க இந்தத் தொல்லை எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான வினாதான். கைபேசி தானாகப் பேசுவதில்லை. அதற்கு அருகில் ஒரு கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஒரு கோபுரத்தை மற்றொன்றோடு பிணைக்கும் இணைப்பும் அறாமல் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரை கடந்தபோது என்ன நேர்ந்தது? மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கையில் கைபேசி இருந்தது, பேச வழியில்லை. அமெச்சூர் நிலையத்துக்கோ, ஒரு கருவியும், ஒரு பேட்டரியும், இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய செப்புக் கம்பியும் போதும். இடையில் வேறு எவருடைய தயவும் தேவையில்லை.

நம்மவருக்கு இது புதியதும் அன்று. 1924-ஆம் ஆண்டு மே 16 அன்று சென்னையில் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்ற சங்கம் தோன்றியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளர் அதைத் தோற்றுவித்தார். தொடக்கத்தில் அவர்கள் கையிலிருந்த ஒலிபரப்பியின் ஆற்றல் 40 வாட். பழைய குண்டு விளக்கு ஒன்று உண்ணும் மின்சாரத்துக்கு மேல் இல்லை. அதைக் கொண்டு அவ்வாண்டு ஜூலை 31 முதல் பாட்டும் பேச்சும் பரப்பினார்கள். அரசினரின் வானொலி நிலையம் என்று ஒன்று சென்னையில் இல்லாத காலம் அது. ஆர்வலர் சிலர் கூடி நடத்திய அந்த முயற்சி மூன்று ஆண்டு நடந்தது. 1927-இல் பணமுடையால் நின்றது. நின்றபோது அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கருவியைத் துணியால் மூடி அறையில் வைக்கவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. மாலை வேளையில் மெரினாக் கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் ஒலிபெருக்கி வழியே அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை அந்தப் பணி நடந்தது. கழகம் மறைந்தது, கருவி மறையவில்லை. இதைச் சற்றே நினைவில் வைத்திருங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பௌதிக ஆசிரியனாக இருந்தேன். மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் நடத்துவேன். கரும்பலகையில் அலை வரைவேன். பையன்களும் அழகாக வரைவார்கள். அலையை ஒருவரும் கண்டதில்லை, நான் உட்பட. எங்கள் ஊர்த் தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டு விசை தட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் மாலை அவர் என்னிடம், "சார், மோர்ஸ் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் கம்பி போகும் ஊருக்குத்தான் நான் தட்ட முடியும். கம்பி இல்லாமல் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை" என்றார். அந்த ஆசையே எங்கள் நிலையத்துக்கு அடிக்கல்.

அக்காலத்து விதிப்படி, குறுகிய அலைகளில் ஒலிபரப்ப வேண்டுமானால் மின்னியல் தேர்வோடு மோர்ஸ் தேர்வும் தேற வேண்டும். இரண்டாம் நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 5 சொல். முதல் நிலைக்கு 12 சொல். அவருக்கு ஓம் விதி தெரியாது. எனக்குக் குறிலும் நெடிலும் போல் ஒலிக்கும் அந்தத் 'டிட்', 'டா' பிடிபடவில்லை. இரவு எட்டு மணிக்கு அவர் எனக்கு ஆசிரியர். ஒன்பது மணிக்கு நான் அவருக்கு ஆசிரியன். வயதில் என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர், கணக்குப் பிழைத்தால் என் முன் நாணி நிற்பார். மோர்ஸ் பிழைத்தால் நான் அவர் முன் நாணி நிற்பேன். கற்பித்தல் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கிடைக்காத பாடம் அந்தத் திண்ணையில் கிடைத்தது. இருவரும் சென்னைக்குச் சென்று தேர்வு எழுதினோம். அவர் முதல் நிலையில் தேறினார். நான் இரண்டாம் நிலையில்.

தனித்தனியே கருவி வாங்க இருவருக்கும் வசதியில்லை. ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பாய் ஒருவர், பழைய கருவி ஒன்று விலைக்கு வருவதாகச் சொல்லி, தாமும் ஒரு பங்கு போட்டார். மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்த ஒருவர் மூங்கிலும் கயிறும் தந்தார். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் நால்வருக்குப் பணம் கொடுக்க இயலவில்லை, உழைப்பைக் கொடுத்தார்கள். கருவியை எங்கே வைப்பது என்பதில் முதல் வழக்கு எழுந்தது. ஒருவர் வீட்டில் வைத்தால், எத்தனை பேர் பணம் போட்டிருந்தாலும், நாளடைவில் அது அந்த வீட்டுக்காரருடைய கருவி ஆகிவிடும். வீட்டுப் பெண்களின் முகம் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். ஆகையால் பள்ளியில், ஆய்வுக்கூடத்தை அடுத்த சிறு அறையில் வைப்பது என்று முடிவாயிற்று. நிலையத்தின் உரிமம் தந்திப் பெரியவரின் பொறுப்பில் பெறப்பட்டது. அது வந்து சேர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

அந்த ஓராண்டில் ஏரியல் கட்டினோம். மாணவர்களே, இதை நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். நாங்கள் பேசவிருந்த அலை 7.1 மெகாஹெர்ட்ஸ்; நொடிக்கு 71 லட்சம் அதிர்வு. வகுத்தால் ஓர் அலையின் நீளம் 42 மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதில் பாதி 21 மீட்டர். கம்பியின் முனைகளில் நேரும் விளைவால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தால் 20 மீட்டர். அந்தக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பத்து மீட்டர்க் கைகளாக்கி, நடுவிலிருந்து கேபிளைக் கீழே இறக்க வேண்டும். எங்கள் ஏரியலின் ஒரு முனை வேப்பமரத்தில். மறுமுனை பள்ளி மாடியில் நட்ட மூங்கிலில். கணக்குப் பாடத்தில் எப்போதும் தவறும் ஒரு பையன், இந்தக் கம்பியை மட்டும் விரற்கடை பிசகாமல் அளந்தான்.

முதல் உரையாடல் மோர்ஸில் நடந்தது. "யாரேனும் இருக்கிறீர்களா?" என்று பொருள்படும் 'சி.க்யூ.' என்ற அழைப்பைப் பெரியவர் தட்டினார். மூன்றாம் முறை தட்டி நிறுத்தியதும் மெல்லிய ஒலி ஒன்று கேட்டது. '4எஸ்7' என்று தொடங்கியது. அஃது இலங்கையின் குறியீடு. கொழும்பிலிருந்து ஒருவர் விடையளித்தார். பெரியவர் காகிதத்தில் எழுதிக்கொண்டே போனார். கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கக் கையில்லை. ஒரு கை எழுத, ஒரு கை விசையில் இருந்தது.

பொது நிலையத்துக்குப் பதிவேடு உயிர் போன்றது. எந்த நாள், எந்த நேரம், எந்த அலை, யாரோடு பேசியது, யார் பேசியது என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். கடைசிப் பத்தி 'குறிப்பு' என்பது. நாங்களே ஒரு விதி செய்துகொண்டோம். இடி மழைக்கு அஞ்சி ஏரியல் கேபிளைக் கழற்றுகிறவர், கருவியின் முகப்பில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, குறிப்பிலும் எழுத வேண்டும். விதி எழுதியவன் நான்.

ஏன் அந்த விதி? கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை உதறினால், அலை சுவரை எட்டி உங்கள் கைக்கே திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஏரியல் இல்லாமல் ஒலிபரப்பினாலும் அப்படியே. வெளியே போக வழியின்றித் திரும்பும் ஆற்றல் கருவியின் கடைசி டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். சில நொடிகள் போதும்.

2002-இல் அது நடந்தது. அப்போது நான் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியன் ஆகியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை கருவி எரிந்து கிடந்தது. தேர்வு தேறி உரிமம் பெற்றிருந்த முன்னாள் மாணவன் ஒருவனும், இன்னும் இருவரும் ஞாயிறன்று அறைக்கு வந்திருந்தனர். யார் செய்தது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியர்களுக்கு ஒரு நோய் உண்டு. குற்றவாளி கிடைக்கவில்லையென்றால் எல்லாரையும் தண்டித்துவிடுவோம். பாய் தம் கைக்காசில் டிரான்சிஸ்டர் வாங்கி, ஒரு மாதத்தில் கருவியைச் சரிசெய்து கொண்டுவந்து தந்தார். வாங்கி, அறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். "பொறுப்பு வந்த பிறகு திறக்கலாம்" என்றேன். பெரியவர் இரண்டு முறை வந்து கேட்டார். நிலையத்தின் உரிமம் அவர் பெயரில், சாவி என்னிடம். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு ஓடின. பொறுப்பு என்பது பூட்டிய அறைக்கு வெளியே எப்படி வளரும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. சென்னைக் கழகத்தாரிடம் பணமில்லை. கருவியைக் கைமாற்றிக் காப்பாற்றினார்கள். என்னிடம் பழுதில்லாத கருவி இருந்தது. காப்பதாக எண்ணிக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறைக்கு மதுரையில் என் மாமனார் வீட்டில் இருந்தேன். ஆழிப்பேரலைச் செய்தி நண்பகலில் வந்தது. எங்கள் ஊருக்குப் பெருஞ்சேதம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் அந்தமானில் பிழைப்புத் தேடிப் போனவர். போர்ட் பிளேருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. பேருந்து பிடித்து ஊர் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பள்ளி வராந்தாவில் தந்திப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். உடன் ஓர் அம்மாள். அவருடைய மகன் போர்ட் பிளேரில் லாரி ஓட்டுகிறவன். காலை பத்து மணி முதல் அங்கேயே இருக்கிறார்கள் என்று காவலாளி சொன்னார். "பூட்டை உடைத்திருக்கலாமே ஐயா" என்றேன். "பள்ளிக்கூடத்துப் பூட்டு, சார். அதை உடைக்க எனக்கு என்ன பாத்தியதை?" என்றார். குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திறந்தோம். இரண்டு ஆண்டு மின்னேற்றாத பேட்டரி செத்துக் கிடந்தது. ஈயத் தகடுகளில் வெண்ணிற உப்புப் படிந்திருந்தது. கேபிளை எலி கடித்திருந்தது. ஏரியலின் ஒரு கை அறுந்து வேப்பமரத்தில் தொங்கிற்று. பாய் யாருடைய மினி லாரியிலிருந்தோ பேட்டரியைக் கழற்றி வந்தார். எந்த மூவரை நான் ஐயுற்றேனோ அவர்களில் இருவர் ஓடி வந்தார்கள். முன்னாள் மாணவன் டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு மரமேறி, அறுந்ததை இணைத்தான். 14 மெகாஹெர்ட்ஸுக்கு வேறொரு கம்பியும் கட்டினோம். எல்லாம் முடிய விடியற்காலம் ஆயிற்று. அந்த அம்மாள் அந்த இரவு முழுதும் வராந்தாவிலேயே இருந்தார்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், தம் குழுவினருடன் அம்மாதத் தொடக்கத்திலேயே போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்பு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தமையால், உலகத்து ஹாம்களோடு உரையாடுவதற்கென்றே சென்ற குழு அது. பேரலை வந்ததும் அந்தப் பொழுதுபோக்கு நிலையமே தீவுகளுக்கும் தாயகத்துக்கும் இடையே செய்தி கடத்தும் நிலையமாயிற்று. திங்கள் காலை அவர்களுடைய குரலைக் கேட்டோம். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வானத்தின் மேலே மின்னணுக்கள் செறிந்த அடுக்கில் பட்டுத் திரும்பி வந்த குரல். ஆனால் நாங்கள் உடனே பேசவில்லை. ஒரே அலையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். எத்தனையோ நிலையங்கள் காத்திருந்தன. ஒருவர் முடித்து 'ஓவர்' என்றதும் அடுத்தவர் உடனே விசையை அழுத்துவதில்லை. மூச்சு விடும் நேரம் இடைவெளி விடுவார். தம்மினும் அவசரமான செய்தி உடையவர் யாரேனும் அந்த இடைவெளியில் குரல் கொடுக்கலாம் அல்லவா? அதற்காகவே அந்த மௌனம். எங்கள் முறை வந்தபோது பெரியவர் ஒரு பெயரையும் ஒரு தெருவையும் மட்டும் சொன்னார்.

விடை நான்காம் நாள் சென்னையிலிருந்த ஓர் அமெச்சூர் நிலையத்தின் வழியே வந்தது. நலமாக இருக்கிறான் என்ற ஒரே வரி. அம்மாளை அழைத்து வந்து, மறுபடியும் சொல்லும்படி கேட்டு, அவர் காதாலேயே கேட்கச் செய்தோம். கேட்டுவிட்டு, "சொன்ன தம்பி யார் வீட்டுப் பிள்ளை ஐயா?" என்று கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை.

ஞாயிறு காலையே அறை திறந்திருந்தால் விடை முன்னதாக வந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஓர் இரவு குறைந்திருக்கலாம். அவ்வளவே சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த வாரத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். கருவி எரிந்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை இரவுப் பதிவு என் கையெழுத்தில் இருந்தது. பேசிய நேரம் இருந்தது. முடித்த நேரம் இருந்தது. மின்னல் கண்டு நான் கேபிளைக் கழற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குறிப்புப் பத்தி வெறுமையாக இருந்தது. சிவப்பு அட்டை ஆணியிலேயே இருந்திருக்க வேண்டும். ஞாயிறன்று வந்த மாணவன் விதியை நம்பி விசையை அழுத்தியிருக்கிறான். நம்பியது அவன் குற்றமா? மூவரையும் அழைத்து ஏட்டைக் காட்டினேன். அவர்களில் ஒருவன், "நான்தான் ஐயா அழுத்தினேன், அன்றைக்குச் சொல்லப் பயமாக இருந்தது" என்றான். பயப்பட வைத்தவனிடமே அதைச் சொல்லும் துணிவு அவனுக்கு வந்திருந்தது.

அதன் பிறகு நாங்கள் செய்த ஏற்பாடுகளை, நிலையம் அமைக்க விரும்புகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி மூன்று: ஒன்று பள்ளியில், ஒன்று பெரியவரிடம், ஒன்று பாய் கடைக் கல்லாவில். வெள்ளிதோறும் பேட்டரிக்கு மின்னேற்றம். ஏற்றியவர் பதிவேட்டில் எழுத வேண்டும். சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் மாதச் சந்தா. பழுது நேர்ந்தால் எப்படி நேர்ந்தது என்று மட்டும் எழுத வேண்டும். யாரால் என்ற பத்தியே இல்லை. இந்தக் கடைசி ஏற்பாட்டைச் சில ஆசிரிய நண்பர்கள் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பின் பழுதுகள் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பழுதும் அன்றன்றே எழுதப்பட்டது.

உங்கள் கல்லூரியிலோ பள்ளியிலோ தொடங்க எண்ணினால், கருவியிலிருந்து தொடங்காதீர்கள். ஆளிலிருந்து தொடங்குங்கள். உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பேற்றாலன்றி நிலையம் இல்லை. உரிமம் இல்லாதவர் ஒலிபரப்புவது குற்றம். பன்னிரண்டு வயது நிரம்பினாலே தேர்வு எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வும் இப்போது இல்லை. எனினும் மோர்ஸ் தெரிந்த முதியவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்தி நின்றுவிட்டது. அந்த விரல்கள் அருகி வருகின்றன. எங்கள் பெரியவரும் இப்போது இல்லை. அவருடைய விசை அறையில் இருக்கிறது; எவரும் தொடலாம்.

நான் 2017-இல் ஓய்வு பெற்றேன். சாவி என்னிடம் இல்லை. சென்ற மாதம் ஒரு மாலை அந்தப் பக்கம் போனபோது அறை திறந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி கருவியின் முன் இருந்தாள். எழுந்து வணங்கி, எனக்கு இடம் விட்டாள். திருச்சியிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் 'ஓவர்' என்றதும் நான் ஆவலோடு விசையில் கை வைத்தேன். அவள் என் கையை மெல்லத் தடுத்து, "சற்றே பொறுங்கள் ஐயா, இடையில் யாராவது கூப்பிடுவார்கள்" என்றாள்.

காத்திருந்தோம். யாரும் கூப்பிடவில்லை. பிறகு பேசினேன்.